இரண்டு புள்ளி மூன்று

இனாண்டா மேட்டில் ஒரு நீலச் சரக்குப் பெட்டி.
கப்பல் கம்பெனியின் பெயர் பாதி உரிந்திருந்தது.
உள்ளே முப்பத்தெட்டுக் குழந்தைகள்,
ஆசிரியை தெம்பெகீலே ங்குபானே,
வாளியைக் கவிழ்த்துப்போட்டு மூலையில் நான்.
மடியில் அளவுகோல்: ஒன்று முதல் ஏழு வரை,
நாற்பத்தொரு கேள்விகள்.
மூன்று மணி நேரம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது,
எந்தக் குழந்தை அழுதாலும் எழுந்து போகக் கூடாது.
அதுதான் ஆய்வு முறை.

கேள்வி பதினொன்று. கை கழுவும் வசதி.
குழாய் இல்லை.
ஒன்று என்று வட்டமிட்டேன்.

கதவில் கயிறு கட்டி
ஐந்து லிட்டர் எண்ணெய்க் கலன் ஒன்று தொங்கியது.
அடியில் ஆணித் துளை.
மூடியை நெகிழ்த்தினால் நீர் விழும், இறுக்கினால் நிற்கும்.
தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை
ஒவ்வொருவருக்கும் தண்ணீர்.
ங்கோசினாதிக்குக் கொஞ்சம் கூடுதல்.
அனேலே என்ற பொடிசு
அப்பாவின் குலப்பெயர்களை வரிசையாக அடுக்கி
முழங்கைவரை கழுவிக்கொண்டாள்.

இதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்துக்குச் சராசரி கிடையாது.

மையம் பதினேழு: இரண்டு புள்ளி மூன்று.
அட்டவணை ஆறில் இன்றும் இருக்கிறது,
பார்க்கலாம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.
டர்பனில் விரிவுரையாளர், மெல்பர்னில் ஓர் உரை,
பிரிட்டோரியாவில் குளிரூட்டிய அறையில் ஒரு குழு.
மானியத்துக்குக் குறைந்தபட்சத் தரம் எவ்வளவு என்று கேட்டார்கள்.
மூன்று என்றேன்.
தேநீர் வந்தது, நல்ல தேநீர்.
என் பெயருக்கு முன்னால் இரண்டு சொற்கள் சேர்ந்தன.
எனக்கும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

மூன்றுக்குக் கீழே இருந்தவை மூடப்பட்டதை
என் மாணவன் ஒருவனின் ஆய்வேட்டில் படித்தேன்.
அடிக்குறிப்பில்.
அவன் என்னைத்தான் மேற்கோள் காட்டியிருந்தான்.

போன வருடம் சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில்
பெற்றோர்களிடம் தமிழில் பேச அழைத்தார்கள்.
முப்பது வருடம் ஆங்கிலத்தில் பிழைத்த விஷயம்,
தமிழில் சொல்லத் தெரியவில்லை.
அகராதியைப் பிரித்தேன்.
தரம்: உயர்வு தாழ்வு, தகுதி.
அதற்குக் கீழேயே, தரம்: தடவை.
ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்
என்று ஏலக்காரன் சுத்தியலை ஓங்கும் அதே சொல்.
அந்தப் பெட்டியும் ஏலத்தில்தான் போயிற்று.
இப்போது அதில் டயர் விற்கிறார்கள்.

அன்றிரவு பழைய தாள்களை இறக்கினேன்.
மையம் பதினேழின் ஓரத்தில்
நான் மறந்துபோன கோடுகள்,
நான்கு நின்ற கோடு, ஒரு குறுக்குக் கோடு.
ல்வாஸி என்ற பையன் கேட்ட கேள்வி:
கப்பலில் வந்த பெட்டிதானே,
மழை வெள்ளத்தில் ஏன் மிதக்கவில்லை?
ங்குபானே ஒவ்வொரு தரமும் குனிந்தார்,
அவன் கண் மட்டத்துக்கு.
நாம் எல்லோரும் உள்ளே இருக்கிறோமே, அதனால்.
மறுபடியும் கேட்டான்.
மறுபடியும் குனிந்தார்.
எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது தரம்.
என் அளவுகோல் ஏழோடு முடிகிறது.

தேடிப் போனேன்.
வீட்டுக்குப் பின்னால், பதிவு இல்லாமல், ஆறு குழந்தைகள்.
எழுபதைத் தாண்டிவிட்டார்.
என்னை அடையாளம் தெரிந்தது: வாளியில் உட்கார்ந்த பெண்.
மன்னிப்புக்கென்று ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன்.
அதற்குள் அவரே அக்கறையோடு கேட்டார்:
அன்றைக்குப் பரீட்சை எழுதினாயே, மகளே,
தேறினாயா?

சாப்பிடக் கூப்பிட்டார்கள்.
குழந்தைகளுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன்.
கலன் புதியது, துளை அதே மாதிரி.
கையில் சோப்பு தேய்த்துவிட்டு
பெயரைச் சொல் என்றாள் ஒரு சிறுமி.

குமேஷ்னி என்றேன்.

மூடியை இறுக்கிவிட்டாள்.
நுரை அப்படியே இருந்தது.